மூணாவது வரி

ஜனவரி 1, வியாழன்

புது வருஷ ஆராதனை முடிஞ்சு வெளியே வந்ததும் எஸ்தர் அக்கா இந்த டைரியைக் கையில திணிச்சாங்க. "ஏட்டி சுகிர்தா, புலம்பலை எல்லாம் எங்கிட்ட சொல்லு. நன்றியை இதுல எழுது. ஒரு நாளைக்கு ஒண்ணாவது எழுதணும், ஆமா." பெரிய ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. மருந்து எழுதித் தர்ற மாதிரிதான் பேசுவாங்க. இப்ப பாளையங்கோட்டையில என் வீட்டுக்குப் பின்தெருவுல 'நிழல் இல்லம்' நடத்துறாங்க. ரோட்டுலயும் ஸ்டேஷன்லயும் பேரும் ஊரும் சொல்லத் தெரியாம கிடந்தவங்களைக் கூட்டி வந்து வச்சுப் பார்க்கிற இடம்.

எனக்கு வயசு முப்பத்தாறு. சென்னைக் கம்பெனி ஒண்ணுக்கு வீட்டுல இருந்தே வேலை. வீட்டுல வேற யாரும் இல்ல, அதனால சத்தம் போடவும் ஆள் இல்ல. இதுக்கு மேல என்னைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல.

நன்றி: டைரி ஓசியில கிடைச்சது.

ஜனவரி 3, சனி

மாசத்துல முதல் சனி, இல்லத்துல படம் எடுக்கிற நாள். காலையிலயே சலூன் முத்தையா அண்ணாச்சி வந்து ஆம்பளைங்களுக்கு முடி வெட்டி முடிச்சிட்டார். எல்லாருக்கும் எண்ணெய்க் குளியல், இருக்கிறதுல நல்ல துணி. அப்புறம் வரிசையா முற்றத்து நாற்காலியில உக்கார வச்சு நான் படம் எடுக்கணும். மொத்தம் நாற்பத்தோரு பேர். சிரிங்கன்னா அழுவாங்க, அழாதீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க. மத்தியானத்துக்குள்ள தொண்டை கட்டிப் போச்சு.

இந்த வழக்கத்தை ஆரம்பிச்சதே நான்தான். போன ஜனவரியில இல்லத்துக்கு ஒரு வெப்சைட் செஞ்சு குடுத்தேன். காணாமப் போனவங்களைத் தேடுற குடும்பம் அதுல முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கட்டும்னு. "வந்த அன்னைக்கு எடுத்த படத்துல தாடியும் காயமும்தான் தெரியுது. தேறின முகத்தைக் காட்டினாத்தான் சொந்தக்காரங்களுக்கு அடையாளம் தெரியும். மாசாமாசம் புதுப் படம் போடுவோம்"னு மாரைத் தட்டிச் சொன்னேன்.

ஏற்பாடு சுலபம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண். வெப்சைட்டுல இல்லத்து ஆட்கள் மட்டும் பாக்குற 'ஆபீஸ் பக்கம்' ஒண்ணு உண்டு, அதுல பழைய படத்து மேலயே புதுசை ஏத்திருவேன். வெளியாட்கள் பாக்குற பக்கத்துக்கு அந்தப் பெரிய படம் போகாது. பக்கத்தைத் தள்ளத் தள்ள சர்வர் ஒவ்வொண்ணையும் சின்னதாக்கி அனுப்பும். சிக்னல் இல்லாத ஊர்லயும் போன்ல முகம் தெரியணுமே. ஒரு தடவை செஞ்ச சின்னப் படத்தைச் சர்வரே பத்திரமா வச்சுக்கும், ஒவ்வொரு தடவையும் புதுசா செஞ்சு நேரத்தை வீணாக்காது. அந்த யோசனை வந்த அன்னைக்கு என் முதுகுல நானே தட்டிக்கிட்டேன்.

பாக்கியக்கா எண் 27. இங்க பேர் தெரியாதவங்களுக்கு, கொண்டுவந்து சேர்த்தவங்க வைக்கிறதுதான் பேர். இவங்களை ஜங்ஷன்ல தண்டவாளத்து ஓரம் மண்டை உடைஞ்சு கிடந்தப்போ தூக்கிட்டு வந்த ரயில்வே போலீஸ் அம்மா தன் தாயார் பேரை வச்சுட்டுப் போனாங்க. பதினாலு மாசம் ஆச்சு. ஐம்பது வயசு இருக்கும். பேச்சைக் கேட்டா கோயம்புத்தூர் ஈரோடு பக்கம்னு யாருக்கும் தெரியும். ஆனா எந்த ஊருன்னு கேட்டா, "ஊருக்கு என்ன கண்ணு, இருக்குது"ங்கிறதோட சரி. போலீசும் அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கெல்லாம் நம்ம வெப்சைட் படத்தையே அனுப்பிப் பாத்துட்டாங்க. ஒருத்தரும் வரல.

படத்துக்கு உக்காந்ததும் தலையில இருந்த பூவை முன்னால இழுத்து விட்டுக்கிட்டாங்க. "பூ தெரியோணும் கண்ணு"ன்னாங்க.

நன்றி: நாற்பத்தோரு படமும் ஆட்டமில்லாம வந்தது.

ஜனவரி 8, வியாழன்

செல்வின் கையெழுத்துப் போட்ட விவாகரத்துப் பேப்பர் வக்கீல்கிட்ட இருந்து வந்துச்சு. நானும் போட்டாப் போதுமாம். அலமாரியில வச்சேன். சமைக்கல. பாக்கியக்கா தூக்குவாளியில ரசம் சோறு எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னாங்க. "தின்னியா கண்ணு?"ன்னு கேட்டுக்கிட்டே உள்ள வந்துட்டாங்க. எப்படித் தெரிஞ்சதுன்னு நான் கேக்கல.

நன்றி: ரசம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். இல்லத்துல சர்க்கரைப் பொங்கல் அடி பிடிச்சிருச்சு. சமையல் ஜெயா அக்கா இடிஞ்சு போய் உக்காந்துட்டாங்க. பாக்கியக்கா போய் அவங்க தோளைத் தட்டி, "போச்சாது உடு"ன்னு சொல்லிட்டு இன்னொரு அடுப்பைப் பத்த வச்சாங்க. எது கெட்டாலும் கொட்டினாலும் அவங்களுக்கு ஒரே வார்த்தைதான், போச்சாது உடு. போனா போகட்டும், அதுக்கென்னங்கிற மாதிரி.

அரிசியும் பருப்பும் ஒண்ணாப் போட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் தாளிச்சு ஒரு சோறு பண்ணினாங்க. அரிசிம்பருப்பாம். நம்ம ஊர்ல இப்படி யாரும் பண்றதில்ல. நான் ரெண்டு தட்டு சாப்பிட்டேன். "நீ ஒருத்தியே தின்னு தீத்துருவே போல இருக்குது"ன்னு சிரிச்சாங்க. என் அம்மா போனப்புறம் நான் சாப்பிடுறதைப் பக்கத்துல உக்காந்து பாக்க ஒருத்தர் இருக்கிறது இப்பத்தான்.

நன்றி: ரெண்டாவது தட்டு.

ஜனவரி 19, திங்கள்

கடைவாய்ப் பல்லு. டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆகும்னு உக்கார வச்சுட்டாங்க. பக்கத்துல இருந்த அம்மா பேச்சுக் குடுத்தாங்க. இல்லத்தைப் பத்திச் சொன்னேன். வெப்சைட் நான்தான் செஞ்சேன்னு பெருமை வேற. அவங்க போன்லயே திறந்து காட்டினேன். சிக்னல் சுமார்தான். இருந்தாலும் தள்ளத் தள்ள ஒவ்வொரு முகமா வந்துச்சு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துச்சு.

27 வந்துச்சு.

மொட்டைத் தலை. தையல் போட்டதுக்கு மேல கட்டு. இடது கண்ணு வீங்கி மூடிக் கிடக்கு. உதடு கிழிஞ்சிருக்கு. பதினாலு மாசத்துக்கு முந்தி, சேர்த்த அன்னைக்கு எடுத்த படம். "யாரு, பாவம், கிழவியா?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க.

மேல கீழ தள்ளிப் பாத்தேன். எல்லாரும் அப்படித்தான். தாடி, அழுக்கு, காயம். ஒருத்தருக்குக்கூடப் புதுப் படம் இல்ல.

பல்லு பிடுங்கியாச்சு. வலி தெரியல.

ஜனவரி 20, செவ்வாய்

காலையில ஏழு மணிக்கே உக்காந்து பாத்தேன். தப்பு சர்வர் மேல இல்ல. அது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கு. ஒரு தடவை செஞ்ச சின்னப் படத்தையே எப்பவும் குடுன்னு எழுதி வச்சது நான். பெரிய படம் மாறினா சின்னதையும் மாத்துன்னு எழுதாம விட்டதும் நான். எங்க ஆபீஸ் பக்கத்துல பெரிய படம் தெரியும். அதனால இல்லத்துல யாருக்கும் சந்தேகம் வரல. நான் கட்டின பக்கத்தை ஒரு வருஷமா நானே வெளியில இருந்து பாக்கல. சமைச்சவ ருசி பாக்காமப் பந்தி போட்டிருக்கேன்.

எஸ்தர் அக்காகிட்ட ஓடினேன். நெஞ்சுல கை வச்சாங்க. "ஒரு வருஷமாவாட்டி?" அப்புறம் அவங்களே, "சரி, இப்பவாவது கண்ணுல பட்டுச்சே. ஸ்தோத்திரம். உடனே மாத்து"ன்னாங்க. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வீட்டுக்கு வர்ற வழியில பாக்கியக்கா துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. "மூஞ்சி ஏங்கண்ணு வீங்கியிருக்குது? கல்லுப்பு வறுத்து ஒத்தடம் குடுக்கறேன் வா"ன்னு கூப்பிட்டாங்க. ஒத்தடம் குடுத்தாங்க.

அப்புறம் வந்து வேலையை முடிச்சேன். ரெண்டு வரி போதும் இதுக்கு. மூணு வரி எழுதினேன். நாற்பது முகமும் மாறிச்சு. அவ்வளவு பேரும் குளிச்சு, சீவி, தெளிவா உக்காந்திருக்காங்க.

ஜனவரி 22, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. தொட்டி கழுவினேன். வீக்கம் வடிஞ்சிருச்சு.

ஜனவரி 27, செவ்வாய்

கொண்டாட்டம்! எண் 12, நம்ம துரை அண்ணனைத் தேடி ஆள் வந்தாச்சு. சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து அவர் தம்பி, கூட நாலு பேர், வேன் வச்சுக்கிட்டு வந்துட்டாங்க. "போன வருஷமே மூணு தடவை பாத்தேம்மா இந்தப் பக்கத்தை. தாடியும் சடையுமா ஒரு ஆள் இருந்தாரு. எங்க அண்ணன்னு தெரியவே இல்ல. முந்தாநாள் பாத்தா அப்படியே எங்க அப்பா மூஞ்சி!" அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடிச்சு அழுததைப் பாத்து முத்தையா அண்ணாச்சிகூடக் கண்ணைத் துடைச்சார்.

எல்லாரும் என்னைச் சூழ்ந்துக்கிட்டாங்க. துரை அண்ணன் தம்பி என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். எஸ்தர் அக்கா என் நெத்தியில முத்தம் குடுத்தாங்க. "உன் கை ராசிட்டி." வாட்ஸ்அப்ல எல்லா குரூப்லயும் அந்தச் சேதியும் நம்ம பக்கத்து லிங்கும் ஓடுது. ஒரே நாள்ல ஆறாயிரம் பேர் பாத்திருக்காங்க.

வேன் கிளம்பினப்புறம் பாக்கியக்கா மட்டும் கேட் பக்கத்துலயே நின்னாங்க. ரொம்ப நேரம்.

நன்றி: துரை அண்ணனுக்காக.

ஜனவரி 29, வியாழன்

இன்னைக்கும் பாக்கியக்கா கேட் பக்கத்துல நின்னாங்க. வெயில் அடிக்குது, உள்ள வாங்கன்னு நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகல. தலைவலின்னு எஸ்தர் அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். பத்து மணி வாக்குல பாக்கியக்கா விளக்கெண்ணெயைச் சுட வச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. என்னைக் கீழ உக்கார வச்சு, உச்சியில எண்ணெய் வச்சுத் தேச்சு, சிக்கெடுத்துப் பின்னி விட்டாங்க. பின்னும்போது ஏதோ மெதுவாப் பாடினாங்க. கல்யாண வீட்டுப் பாட்டு மாதிரி இருந்துச்சு. என்ன பாட்டுன்னு கேட்டேன். "தெரியல கண்ணு. வருது"ன்னாங்க.

மத்தியானம் வரைக்கும் தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனை மாசம் ஆச்சு!

நன்றி: எண்ணெய்.

பிப்ரவரி 5, வியாழன்

எஸ்தர் அக்கா கேட்டாங்க, "என்னட்டி, டைரியில நன்றி எழுதுதியா?" எழுதுறேன்னேன். "பிறகு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" பல்லுன்னேன். பல்லு பிடுங்கி ரெண்டு வாரம் ஆச்சுன்னு நர்ஸுக்குத் தெரியாதா?

பிப்ரவரி 7, சனி

முதல் சனி. நாற்பது பேர்தான் இப்ப. 27-ஓட முறை வந்தது. மஞ்சள் சேலை, தலையில மல்லி. படம் எடுத்து முடிச்சும் பாக்கியக்கா நாற்காலியை விட்டு எந்திரிக்கல.

"அந்தத் தொரையப் படத்தப் பாத்துத்தான கூட்டிட்டுப் போனாங்க?"

"ஆமாக்கா."

"என்ற படம் இருக்குதா கண்ணு அதுல?"

"இருக்குக்கா."

பொய் இல்ல. இருக்கு.

"காட்டு."

என் போன்ல காட்டினேன். ஆபீஸ் பக்கத்தைத் திறந்து, இப்ப எடுத்ததைக் காட்டினேன். ரெண்டு கையாலயும் போனை வாங்கி, தள்ளி வச்சுப் பாத்து, கிட்ட வச்சுப் பாத்து, அப்படி ஒரு சிரிப்பு. "நல்லாத்தான் இருக்குது. எம் பையன் பாத்தான்னா கண்டுபுடிச்சுப் போடுவான்."

பையன். பதினஞ்சு மாசத்துல முதல் தடவையா வாயில வருது.

"பையன் பேரு என்னக்கா?"

யோசிச்சாங்க. கண்ணு கலங்குச்சு. வரல. நாற்காலியை அடுத்த ஆளுக்கு விட்டுட்டுப் போயிட்டாங்க. மிச்சம் பதினாலு பேர் படத்தை நான் எப்படி எடுத்தேன்னு தெரியல. எல்லாம் ஆட்டம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எழுதிருதேன்.

மூணாவது வரி என்னன்னா: 27-ஐ மட்டும் மாத்தாதே, பழசையே குடு.

பிழை இல்ல. மறதி இல்ல. ஜனவரி இருபதாம் தேதி, கன்னத்துல ஒத்தடச் சூடு ஆறுறதுக்குள்ள, இந்தக் கையால எழுதினேன். நாலு நாளைக்கு மட்டும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். நாலு நாள்னா எதுக்கு நாலு நாள்? இன்னொரு பொங்கல் வருமா நாலு நாள்ல? அவங்க போயிட்டா "தின்னியா"ன்னு கேக்க எனக்கு யாரு இருக்கா, அதுதான் காரணம். வேற ஒரு மண்ணும் இல்ல. அவங்களுக்கு ஒரு பையன் இருப்பான்னு நான் நினைச்சே பாக்கல. நினைக்க இஷ்டமில்ல.

காலையில பல்லுகூட விளக்காம உக்காந்து அந்த வரியை அழிச்சேன். அரை நிமிஷ வேலை. வெளிப் பக்கத்தைத் திறந்து தள்ளினேன். 24, 25, 26. மஞ்சள் சேலையும் மல்லிப்பூவுமா 27 வந்துச்சு.

பிறகு சர்ச்சுக்குப் போய்க் கடைசி பெஞ்சுல உக்காந்தேன். எஸ்தர் அக்காகிட்ட சொல்லல. சொல்லணும்.

பிப்ரவரி 11, புதன்

ஒரு போனும் வரல. அரை மணிக்கு ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து முகம் மாறாம இருக்கான்னு பாக்குறேன். வரணும், வரணும்னு வேண்டிக்கிறேன். வந்துருமேன்னு பயமும் இருக்கு. ரெண்டும் உண்மை.

பிப்ரவரி 13, வெள்ளி

வந்துருச்சு.

காலையில பதினோரு மணி. இல்லத்து நம்பருக்கு ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சாம். பேரு யமுனா, கோபிச்செட்டிபாளையம் பக்கம். "இருபத்தேழுல இருக்கறது எங்க மாமியாருங்க. நான் அவங்களை நேர்ல பாத்ததே இல்லீங்க. ஆனா வீட்டுல மாட்டியிருக்கற போட்டோவைத் தெனமும் தொடைக்கிறேன். இதே கன்னத்துக் குழிங்க, இதே மாதிரிப் பூவை முன்னால போட்டிருப்பாங்க." எஸ்தர் அக்கா தெருவுலயே கத்திக்கிட்டு ஓடி வந்தாங்க எங்க வீட்டுக்கு. நான் அவங்களைக் கட்டிப் பிடிச்சு அழுதேன். சந்தோஷத்துல அழுறேன்னு நினைச்சிருப்பாங்க. சந்தோஷமும்தான்.

பிப்ரவரி 14, சனி

எல்லாத்தையும் ஒழுங்கா எழுதணும்.

பத்து மணிக்குக் கார் வந்தது. இறங்கினது பூபதின்னு ஒரு பையன், இருபத்தெட்டு வயசு இருக்கும். கூட யமுனா. கழுத்துல புது மஞ்சக் கயிறு, கையில மருதாணி இன்னும் முழுசா அழியல. பாக்கியக்கா முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. பூபதி கேட் பக்கத்துலயே நின்னுட்டான். அவங்க நிமிர்ந்து பாத்தாங்க. முறத்தைக் கீழ வச்சாங்க. கிட்டப் போய் அவன் முகவாயைப் பிடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பினாங்க.

"ஏன்டா பூபதி இப்படி எளைச்சுப் போயிட்டே?"

அவ்வளவுதான். அவன் அப்படியே மண்ணுல உக்காந்து அவங்க காலைக் கட்டிக்கிட்டான். ஜெயா அக்கா, முத்தையா அண்ணாச்சி, எஸ்தர் அக்கா, நான், எல்லாரும் அழுதோம். அவங்க நிஜப் பேரு பாவாத்தாள். பழனிக்குப் போக ஈரோட்டுல ரயில் ஏறினவங்க, தண்ணி பிடிக்க இறங்கி, திரும்ப வேற ரயில்ல ஏறிட்டாங்களாம். எனக்கு வாயில பாக்கியக்காதான் வருது.

உள்ள உக்காந்து காப்பி குடிக்கும்போது பூபதி சொன்னான். "அப்பா இல்லீங்க. அம்மா மட்டுந்தான். அம்மா வந்தப்புறந்தான் கல்யாணம்னு ரெண்டு தடவை தேதியைத் தள்ளிப் போட்டோம். இதுக்கு மேல பொண்ணு வீட்டைக் காக்க வைக்க முடியலீங்க. பிப்ரவரி ஒண்ணாந்தேதி முடிஞ்சுது. அதுக்கு நாலு நாள் முன்னாடி, இருபத்தெட்டாந்தேதி, ஒரு பிரண்டு உங்க லிங்கை அனுப்புனானுங்க, யாரோ தொரைன்னு ஒருத்தர் கெடைச்சிருக்காருன்னு. ஒண்ணு விடாமப் பாத்தனுங்க. அந்த மொட்டைத் தலைப் படத்துல நின்னு பாத்தனுங்க. யாரோ பாவம்னு தள்ளிட்டுப் போயிட்டனுங்க." தலையில ரெண்டு கையையும் வச்சுக்கிட்டான். "பெத்த அம்மாளை அடையாளம் தெரியலீங்க எனக்கு. என்ன மகனுங்க நானு? கல்யாணத்துக்கு முன்னாடி கண்டுபுடிச்சிருக்கலாம். என்ற கண்ணு முன்னாடி இருந்தாங்க."

எஸ்தர் அக்கா, "அப்படிச் சொல்லாதீங்க தம்பி, முகம் வீங்கியில்லா இருந்துச்சு"ன்னு முதுகைத் தடவினாங்க. அவன் கேக்கல. குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பேசாம இருந்திருந்தா எல்லாம் சுபமா முடிஞ்சிருக்கும். என் பக்கம் ஒரு விரல்கூட நீளாது. ஆனா அந்தப் பையன் ஆயுசுக்கும் இதைச் சுமப்பான். யமுனா ஒவ்வொரு நாளும் அந்தப் போட்டோவைத் துடைக்கும்போதெல்லாம் சுமப்பான்.

"உங்க தப்பு இல்ல தம்பி"ன்னேன். என் குரல் எனக்கே கேக்கல. திரும்பச் சொன்னேன். "ஒரு வருஷமா வெளிப் பக்கத்துல பழைய படம்தான் போச்சு. அது என் கவனக்குறைவு. ஜனவரி பத்தொன்பதாம் தேதி கண்டுபிடிச்சேன். மறுநாள் எல்லார் படத்தையும் மாத்தினேன். உங்க அம்மா படத்தை மட்டும் மாத்தாதேன்னு எழுதி வச்சேன். தெரிஞ்சே."

எஸ்தர் அக்கா கை அவன் முதுகுலயே நின்னு போச்சு.

"இருபத்தெட்டாந்தேதி நான் பாக்கறப்போ?"

"மத்த எல்லாருக்கும் புதுசு. உங்க அம்மாவுக்கு மட்டும் பழசு."

"ஏனுங்க?"

"அவங்க போயிருவாங்களேன்னு."

எந்திரிச்சு வெளிய போயிட்டான். யமுனா என்னையே ஒரு நிமிஷம் பாத்துட்டு அவன் பின்னால போச்சு. எஸ்தர் அக்கா என்னைப் பாக்கவே இல்ல. காப்பி டம்ளரை எல்லாம் எடுத்து அடுக்கினாங்க. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

பாக்கியக்கா பைக்குள்ள சேலையை மடிச்சு வச்சுக்கிட்டு இருந்தாங்க. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. "கிட்ட வா"ன்னாங்க. போனேன்.

"அவன் கல்யாணத்தன்னிக்கு நான் எங்கிருந்தேன் கண்ணு?"

பொய் சொல்ல முடியல. "எங்க வீட்டுல. எனக்குத் தலைக்கு எண்ணெய் வச்சு விட்டீங்க. பாட்டுப் பாடினீங்க."

மடிச்ச சேலையை எடுத்து உதறி, திரும்பவும் மடிச்சாங்க. அவங்க கண்ணுல இருந்து தண்ணி இறங்கி மூக்கு நுனியில நின்னுச்சு. துடைக்கல. அந்தச் சேலை நாலா மடிஞ்சு, எட்டா மடிஞ்சு, பைக்குள்ள போற வரைக்கும் நான் நின்னுக்கிட்டே இருந்தேன்.

"போச்சாது உடு"ன்னாங்க.

பொங்கலன்னைக்கு ஜெயா அக்காகிட்ட சொன்ன மாதிரி இல்ல. மெதுவா, கஷ்டப்பட்டு, ஒவ்வொரு எழுத்தாச் சொன்னாங்க. அப்புறம் என் தலையில கை வச்சாங்க.

கார்ல ஏறுறதுக்கு முன்னால பூபதி என்கிட்ட வந்தான். "மன்னிக்கறதுக்கு எனக்கு இப்போ மனசு வரலீங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா என்ற கண்ணு மேல தப்பில்லைன்னு சொன்னீங்க பாருங்க. சொல்லாம இருந்திருக்கலாம் நீங்க. அதுக்கு நன்றிங்க."

கார் போயிருச்சு. கேட் பக்கத்துல நான் நின்னேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மூணு நாள் எஸ்தர் அக்கா எங்கிட்ட பேசல. இன்னைக்குக் கூப்பிட்டாங்க. "இனிமே மாசாமாசம் படம் போட்டதும், வெளிப் பக்கத்தை நான் என் போன்ல ஒவ்வொண்ணாப் பாப்பேன். அதுக்குப் பிறகுதான் நீ வீட்டுக்குப் போகணும்."

சரின்னேன்.

"போன சனிக்கிழமை அந்தப் பையன்கிட்ட நீ சொல்லாட்டி உன்னை இந்தப் படியே ஏற விட்டிருக்க மாட்டேன், பாத்துக்கோ." சொல்லிட்டு ஒரு தட்டுல சோறு போட்டு முன்னால வச்சாங்க. "தின்னு."

அப்படித்தான் சொன்னாங்க. சாப்பிடுன்னு சொல்லல.

நன்றி: படி ஏற விட்டது. சோறு.

பிப்ரவரி 23, திங்கள்

செல்வின் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். போறவங்களைப் பிடிச்சு வைக்கிற வேலையை நான் விட்டாச்சு.

மார்ச் 7, சனி

முதல் சனி. எண் 33-உம் தன் வீட்டுக்குப் போயாச்சு, அவங்க அக்கா வந்து கூட்டிட்டுப் போனாங்க. புதுசா ரெண்டு பேர் வந்திருக்காங்க. எஸ்தர் அக்கா கண்ணாடியை மூக்குல இறக்கி விட்டுக்கிட்டு வெளிப் பக்கத்தைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு முகமாச் சரி பாத்தாங்க. ஒண்ணுக்கு மட்டும், "இவருக்கு மீசை இப்படியாட்டி இருக்கு?"ன்னு நிஜ ஆளைக் கூப்பிட்டு நிக்க வச்சுப் பாத்தாங்க. புதுசுதான்.

பன்னிரண்டு மணிக்குப் பூபதி நம்பர்ல இருந்து ஒரு படம் வந்துச்சு. திரையில வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்குன்னு பாத்து சிக்னல் இல்ல. போனைத் தூக்கிக்கிட்டு முற்றத்துக்கு ஓடினேன்.

வந்துச்சு. பூபதி பட்டு வேட்டியில நிக்கான். யமுனா கல்யாணச் சேலையைத் திரும்பக் கட்டியிருக்கு. நடுவுல நாற்காலி போட்டு, மஞ்சள் சேலையில, பூவை முன்னால இழுத்து விட்டுக்கிட்டு பாக்கியக்கா. கீழ பூபதி எழுதியிருந்தான்: "மொதச் சனி, படம் எடுக்கோணும்னு அம்மா ஒத்தக் கால்ல நின்னாங்க. கல்யாணப் படம் அம்மாளோட இல்லாம இருந்துச்சு. அதையும் எடுத்துட்டோம்."

பின்னாலயே ஒரு குரல் பதிவு. "உன்ற படம் எங்க கண்ணு? எல்லாத்தையும் எடுப்பியே, உன்னுதை அனுப்பு. தின்னியா?"

ஒரு வருஷமா நான் அந்த நாற்காலியில உக்காந்ததே இல்ல. ஜெயா அக்கா என் தலையை வாரி விட்டாங்க. எஸ்தர் அக்கா படம் எடுத்தாங்க, படத்துல பாதி என் தலைக்கு மேல இருக்கிற வேப்பமரந்தான். அதையே அனுப்பினேன். பழக்க தோஷம், கூடவே கேட்டேன்: "புதுசுதான் தெரியுதா? சரியா வந்துச்சா?"

கொஞ்ச நேரம் கழிச்சுப் பூபதி பதில் போட்டான். "புதுசுதானுங்க. தெளிவாத் தெரியுதுங்க. எளைச்சுப் போயிட்டீங்கன்னு அம்மா திட்டறாங்க."

நன்றி: திட்டுக்கு.